ருசி பார்க்காமல் கொடுத்த மருந்து

மகனே,

அறிவுரை கேட்கிற பொறுமை உனக்கு இருக்காது, என் ரத்தம்தானே. சொல்லுகிற பொறுமை எனக்கும் கிடையாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது உன் ரத்தத்தில் ஈயம் ஏறியது. அதை உனக்கு ஊட்டியது நான். மருந்து என்று நினைத்துத்தான் ஊட்டினேன், தினமும், என் கையால், கல்லில் உரைத்து. இதை வேறு யார் வாயாலாவது நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிட வேண்டும்.

இப்போது உனக்கு ஒரு வயது நாலு மாதம். கனகம்மாசத்திரத்தில், பஞ்சர் கடைக்குப் பின்னால் இருக்கிற வாடகை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியான நேரம். திருப்பதி பஸ் ஒவ்வொன்றும் ஹாரன் அடிக்கும்போது தூக்கத்திலேயே உன் கை விரிந்து மூடுகிறது. நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை வந்திருக்கும், ஒருவேளை உனக்கே ஒரு குழந்தை வரப்போகிறதாக இருக்கும். எனக்கு இப்போது இருபத்தொன்பது வயது. தகப்பன் மகனுக்குக் கடிதம் எழுதுவதென்றால் தலை நரைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்ன? கோபம் ஆறுவதற்குள் எழுத வேண்டும். ஆறிப்போன பிறகு எழுதினால் எல்லாரையும் மன்னித்துவிடுவேன். முதலில் என்னை மன்னித்துவிடுவேன். அது நடக்கக் கூடாது. கடிதத்தை ஒட்டாமல் எல்லாரும் படிக்கும்படி விடுவதும் அதற்காகத்தான். திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் கைக்குழந்தையை வைத்திருக்கிறவர்கள் உனக்கு முன்னால் படிக்கட்டும். அவர்களுக்கு அவசரம்.

நம் வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைத்தவர்கள். உன் பெரியப்பா, என் அண்ணன், இன்றைக்கும் அங்கேதான் அடுப்பு முன்னால் நிற்கிறார். மடப்பள்ளியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமிக்குப் படைப்பதற்கு முன் சமைத்தவன் ருசி பார்க்கக் கூடாது. உப்பு போதுமா, புளி ஏறியதா என்று ஒரு பருக்கையை நாக்கில் வைக்கக் கூடாது. கையளவு, கண்ணளவு, மூக்கு, அவ்வளவுதான். உன் பெரியப்பா புளியோதரை அண்டாவின் ஆவியை முகர்ந்துவிட்டு "உப்பு அரைக் கை கம்மி" என்பார். பிரசாதம் வாங்கித் தின்றவன் ஒருத்தன்கூட அவர் சொன்னதைப் பொய்யாக்கியதில்லை. சின்ன வயதில் அதைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறியும். அந்தப் பெருமை மலை மேலேயே இருந்திருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. அது படியிறங்கி வந்து வீட்டு மருந்துக்குள் புகுந்துகொண்டதுதான் வினை.

உரை மருந்து எல்லா வீட்டிலும் உண்டு. குழந்தையைக் குளிப்பாட்டியதும் சுட்ட வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு இவற்றைக் கல்லில் ஒவ்வொன்றாக இரண்டு இழுப்பு இழுத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். நம் வீட்டில் கூடுதலாக ஒன்று. வட்ட டின்னில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடி. சிந்தூரம் என்பார்கள். டின் காலியானால் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி நிரப்புவார்கள். அதில் ஒரு சிட்டிகை சேர்ந்தால்தான் அது நம் வீட்டு மருந்து. ஏன் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "நோட்டுல கீது."

அந்த நோட்டு என் கொள்ளுத்தாத்தா எழுதியது. உனக்கு எள்ளுத்தாத்தா. வெள்ளைக்காரன் காலத்தில் மலையில் சமைத்துக்கொண்டு, கீழே தெருவுக்கு மருந்தும் கொடுத்தவர். சிவப்புத் துணி ஒட்டிய தடித்த நோட்டு. பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம், குங்குமம், ஒரு கதம்பச் சரம். என் ஆயுளில் அதை யாரும் திறந்து படித்து நான் பார்த்ததில்லை. காரணம் கேவலமானது. அது தெலுங்கு எழுத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் திருத்தணி சித்தூர் ஜில்லா, அவர் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். நாம் வீட்டில் இன்றைக்கும் இரண்டு பாஷையும் கலந்துதான் பேசுகிறோம், அப்பாவை நைனா என்கிறோம், ஆனால் எழுத்து என் நைனா காலத்துக்கு முன்பே போய்விட்டது. படிக்கத் தெரியாத நோட்டுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்ட குடும்பம் இது. அந்தக் கும்பலில் பி.எஸ்சி. வேதியியல் படித்த நானும் நின்று கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

உன் பெரியப்பா கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொள்ளாதே. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. எனக்குப் பன்னிரண்டு வயதில் நைனா போனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அண்ணன் கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் விடியற்காலை மலையேறி, வேலை முடித்து இறங்கி, எனக்கு டிபன் கட்டி, என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். கிருத்திகை நாட்களில் வெளியூரிலிருந்துகூடக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். மருந்தைச் சும்மாதான் கொடுப்பார். அதுதான் மோசம். சும்மா கொடுக்கிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

என் வேலை என்ன என்பதையும் தெரிந்துகொள். மாத்திரை செய்கிற கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. ஒரு மாத்திரையின் எடை எழுதி வைத்த எல்லையைத் தாண்டினால் அன்றைக்குச் செய்த மொத்த சரக்கையும் நிறுத்திவிடுவேன். கம்பெனியில் எனக்குச் 'சனி' என்று பெயர். வீட்டில் அண்ணனின் கிண்டல் வேறு: "சைன்டிஸ்டு சார் வந்துட்டாரு, காபிய லேபுக்கு அனுப்பிட்டுத்தான் குடிப்பாரு." நான் சிரித்துக்கொள்வேன். ஆனால் உள்ளே குத்தும். அவர் போட்ட சோற்றில் படித்துவிட்டு அவர் வீட்டையே சந்தேகப்படுகிறவனாக நிற்கப் பிடிக்கவில்லை.

உனக்கு மூன்றாவது மாதம் முடிந்தபோது பேதி கண்டது. டாக்டரிடம் காட்டி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்கி வந்திருந்தோம். அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்தவர் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"இன்னாடா, புள்ள தண்ணி தண்ணியா போவுது, நீ போனைப் பாத்துகினு கீற?"

"டாக்டர் பாத்துட்டாருணா. பால் குடுத்துகினே இருங்க, ரெண்டு மூணு நாள்ல நின்னுடும்னாரு."

"நம்ம ஊட்டு மருந்த அலமாரில வெச்சிகினு உப்புத் தண்ணி ஊத்துவியா? ரெண்டு வேளை. நிக்கலைன்னா என் பேர மாத்திக்கறேன்."

உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் கனகம்மாசத்திரத்துக்காரி, விவசாயம் பண்ணுகிற வீட்டுப் பெண். பூச்சிமருந்து டப்பாவில் போட்டிருக்கிற மண்டையோட்டைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். "ஏங்க, அந்த ஆரஞ்சுப் பொடி இன்னாது? வசம்பு தெரியும், கடுக்கா தெரியும். இது தெரியலையே. ஒரு சிட்டிகை உங்க கம்பெனிக்கு எடுத்துகினு போய்ப் பாத்துட்டுக் குடுக்கலாமே?"

அவள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். கம்பெனியில் அதற்குரிய கருவி என் மேஜையிலிருந்து பத்தடி தூரம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நூறு வருஷமா குடுத்துகினு இருக்காங்க. உங்க ஊட்ல இல்லாத பழக்கம்னா தப்பாயிடுமா?" என்றேன். சத்தமாக, அண்ணன் காதில் விழட்டும் என்று. மகனே, என் வாழ்க்கையில் நான் பேசிய மோசமான வாக்கியம் அதுதான். அன்றைக்கு ஒரு நாள் நான் தரம் பார்க்கிறவனாக இல்லாமல், அந்த வீட்டுத் தம்பியாக மட்டும் இருக்க ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு உன் நாக்கை எடுத்துக் கொடுத்தேன்.

பேதி நின்றது. அதுதான் கொடுமை. இரண்டே வேளையில் நின்றது. அண்ணன் என் முதுகில் தட்டி, "இன்னா சைன்டிஸ்டு?" என்றார். நான் இளித்தேன். நின்ற பிறகும் உடம்புக்கு நல்லது என்று தினமும் காலையில் தொடர்ந்தோம். எனக்கு மத்தியான ஷிப்ட். அதனால் உரைக்கிற வேலை என்னுடையது. ஒரு காலை தவறவில்லை. வேலையில் நான் இருக்கிற அதே ஒழுங்கு.

ஐந்து மாதம் ஆனபோது நீ வெளுக்க ஆரம்பித்தாய். பால் குடிக்கும்போது பாதியில் திரும்பிக்கொள்வாய். வயிறு பலகையாக இருக்கும். நாலு நாள், ஐந்து நாள் வெளியே போக மாட்டாய். சும்மா சும்மா அழுவாய். பல் முளைக்கிற அழுகை என்றார் அண்ணன். ஒரு வெள்ளிக்கிழமை காலை உன் அம்மா காலை நீட்டி உன்னை மடியில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது உன் கண் மேலே சொருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அண்ணன் ஓடி வந்து பார்த்துவிட்டு, "மாந்தம்டா, இது மாந்தம்! இன்னிக்கு ரெண்டு பங்கு குடுக்கணும்" என்று கல்லை எடுக்கப் போனார். நான் மரம் மாதிரி நின்றேன். அவர் விரலில் மருந்தோடு குனிந்தபோது உன் அம்மா ஈரத்தோடு உன்னை மார்பில் அள்ளிக்கொண்டாள். "கைய எடுங்க பாவா." அவ்வளவுதான் சொன்னாள். புருஷனின் அண்ணனிடம் அதுவரை குரல் உயர்த்தியே பேசாதவள். அந்த ஈரத் துணியோடு ஆட்டோ ஏறினாள். நான் பின்னால் ஓடினேன். நீ உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் அவள். இதை மறந்தாயானால் நீ என் மகனே இல்லை.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "வீட்டில் வேறு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?" நான் "இல்லை சார்" என்றேன். பொய் சொல்லவில்லை, கேட்டுக்கொள். பொய் சொல்லியிருந்தால்கூட மன்னிக்கலாம். எனக்கு அது மருந்து என்று தோன்றவே இல்லை. குளிப்பாட்டுவது, சாம்பிராணி போடுவது, பொட்டு வைப்பது மாதிரி அது ஒரு வழக்கம். அந்த 'இல்லை'யில் இரண்டு நாள் போனது. தலையைப் படம் எடுத்தார்கள், முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் நாள் உன் அம்மா கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்: "குடுத்தோம் சார். தினமும் காலையில, ரெண்டரை மாசமா. ஆரஞ்சா ஒரு பொடி. இவரு அத மருந்துக் கணக்குல சேக்கலை."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" சொன்னேன். குனிந்து சீட்டில் ரத்தத்துக்கு இன்னொரு பரிசோதனை எழுதினார். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை.

ஈயம். அதை வெளியே இழுக்கிற மருந்தை வாரக்கணக்கில் கொடுத்தார்கள். வெட்டு நின்றது, பால் குடித்தாய், சிரித்தாய். வீட்டுக்கு அனுப்பும்போது அதே டாக்டர் சொன்னார்: "ரத்தத்தில் குறைந்துவிட்டது. மூளையில் என்ன செய்திருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது. நடக்கிறானா, பேசுகிறானா, பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டுகிறானா, வளர வளரத்தான் தெரியும்." அன்றிலிருந்து நான் உன்னைக் கொஞ்சுவதில்லை, பரிசோதிக்கிறேன். உன் வயதுக் குழந்தைகள் தெருவில் ஓடுகின்றன. நீ கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். 'அம்மா' வந்துவிட்டது. 'நைனா' இன்னும் வரவில்லை.

டின்னை அப்புறம்தான் கம்பெனிக்கு எடுத்துப்போனேன். கருவி ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தை உனக்காக முன்னாலேயே செலவழித்திருக்க வேண்டிய நாய் நான். காகிதத்தைக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். அவர் மடித்துக் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"உன் மிஷினுக்குத் தெலுங்கு தெரியுமாடா? நம்ம நைனா, அவரு நைனா, எல்லாம் முட்டாளா? நோட்டுல எழுதி வெச்சவரு உன்னைவிடப் படிச்சவரு."

"சரிணா. அப்போ நோட்டையே கேட்டுடலாம்."

நோட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்றார். நான் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, கை கழுவினாயா, கால் கழுவினாயா என்று கத்திக்கொண்டே இருந்தார். மறுநாள் பஸ் பிடித்து ஆந்திரா பக்கம் நகரிக்குப் போனேன். அங்கே இரண்டு பாஷையிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு கடை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண், உன் சித்தி வயது இருக்கும். அச்செடுத்துக்கொண்டே முதல் பக்கத்தைப் பார்த்தவள் புருவத்தைத் தூக்கினாள்.

"அண்ணா, யாரு எழுதினது? கையெழுத்து முத்து முத்தா கீது. இப்போ உயிரோட இருந்தா எங்க ஓனரு வேலைக்கு வெச்சிக்குவாரு."

"படிக்க வருமாம்மா? பழைய எழுத்து."

"பத்திரிகைக்குன்னு பெருசுங்க எழுதிக் குடுக்கிற கிறுக்கலையே படிக்கிறேன். இது தேவலை."

ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்தாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: சாமிக்குப் படைப்பதை நான் ருசி பார்க்கக் கூடாது. அதனால் உண்டவர்கள் முகத்தைப் பார்த்து உப்பைத் தெரிந்துகொள்கிறேன். மருந்துக்கும் அதுதான் வழி. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நாலு கட்டம். யாருக்கு, என்ன, எவ்வளவு, என்ன ஆயிற்று. நோட்டு முழுக்க அந்த நாலு கட்டம்தான். மகனே, என் கம்பெனியில் நாங்கள் நிரப்புகிற படிவமும் அதேதான்.

பூக்கட்டுகிறவர் மகனுக்கு ஓமத் தண்ணீர், வலி தணிந்தது. வண்டிக்காரனுக்குத் தபாலாபீசில் விற்கிற கொயினா, அதாவது குயினின் பொட்டலம். குளிர் ஜுரம் விட்டது, காது இரைகிறது என்கிறான். இஞ்சிச் சாறு, பலன் இல்லை. இன்னொருத்திக்கு நிலவேம்புக் கஷாயம், "நான் கொடுப்பதற்கு முன்பே ஜுரம் இறங்கிவிட்டது, இது என் பெருமையில் சேராது." அதைப் படித்துவிட்டு அந்தப் பெண் சிரித்தாள். "நல்ல மனுஷன்ணா. எங்க ஊரு டாக்டர்கூட இத ஒத்துக்க மாட்டாரு."

அப்புறம் சிந்தூரம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று கவனி. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டுகிற டிரஸ்ஸர் அவருக்குப் பழக்கம். பெரியவர்களுக்குப் பேதி நிற்காவிட்டால் ஈயமும் அபினும் சேர்ந்த மாத்திரையை அங்கே கொடுக்கிறார்கள் என்று டிரஸ்ஸர் சொல்ல, கடைத்தெருவில் கிடைக்கிற ஈயச் சிந்தூரத்தில் ஒரு சிட்டிகை குழந்தைக்குப் போதும் என்று இவராக முடிவு பண்ணியிருக்கிறார். அப்படி எழுதியே வைத்திருக்கிறார். நூறு வருஷமாக நாம் பரம்பரை மூலிகை என்று மார்தட்டியது மூலிகையே இல்லை. வெள்ளைக்காரன் மருந்து அலமாரியைப் பார்த்து நம் ஆள் அடித்த நகல்.

முதலில் வரிசையாக வெற்றி. நின்றது. நின்றது. ஒரே வேளையில் நின்றது. பத்துப் பதினைந்து பக்கம் தள்ளி அதே பெயர்கள் திரும்ப வந்தன. வயிறு கல்லாகிவிட்டது. பால் மறுக்கிறது. இழுப்பு. இழுப்பு. அந்தப் பெண்ணின் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டு, "அண்ணா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

"படிம்மா."

"'என் மூணாவது பொண்ணு. சிந்தூரம். இருபத்தோரு நாள். போயிட்டா.' இந்தப் பக்கத்துல அவ்ளோதான்ணா. கீழ பெருசா எழுதிக்கீறாரு. 'குடுத்தவன் நான். இத இனிமே யாருக்கும் உள்ளுக்குக் குடுக்காதீங்க.'"

அதற்கு மேல் நோட்டில் சிந்தூரம் இல்லை. அவர் நிறுத்திவிட்டார். ஆனால் தெருவில் அவர் கொடுத்தது நின்றுவிட்டதா? "பெரியவர் வீட்டுச் சிந்தூரம், ரெண்டு வேளையில நிக்கும்" என்கிற பேச்சு அதற்குள் ஊர் முழுக்கப் போயிருக்கும். அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பேச்சு மட்டும் வந்து சேர்ந்தது. வெற்றி வாய் வழியாக வந்தது. தோல்வி எழுத்தில் கிடந்தது, எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில், பொட்டு வைத்துக்கொண்டு.

எல்லாவற்றையும் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் வாசித்தேன். அவர் வெல்லம் நறுக்கிக்கொண்டிருந்தார். பாதியில் கத்தியை வைத்தார்.

"நிறுத்துடா. இதைத் தின்னுதானே நான் வளந்தேன்? நீ வளந்த? நான் செத்தனா, நீ செத்தியா?"

"பொழச்சவங்கதான்ணா பேசுவாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தி இருந்தாளே, அவ பேசுவாளா?"

உனக்கு ஒரு அத்தை இருந்திருக்க வேண்டும், மகனே. நான் பிறப்பதற்கு முன், பதினோராவது மாதத்தில் மாந்தம் வந்து போய்விட்டாள் என்று மட்டும் எனக்குத் தெரியும். அண்ணனுக்கு அப்போது ஒன்பது வயது. அவர் முகம் சாம்பலாகிவிட்டது. நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அன்னிக்கு மருந்து உரைக்கக் கல்லு புடிச்சது யாருணா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று உன் அம்மா இன்றுவரை சொல்கிறாள். அவள் சொல்வது சரி. இன்னொரு முறை வாய்த்தாலும் கேட்பேன், கொஞ்சம் மெதுவான குரலில்.

"போடா வெளிய," என்றார்.

மறுநாள் கிருத்திகை. காலையிலேயே இரண்டு பெண்கள் கைக்குழந்தையோடு வந்துவிட்டார்கள். நான் வாசலில் குறுக்கே நின்று, மருந்து கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள், முன்னால் வாங்கியிருந்தால் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். உள்ளேயிருந்து அண்ணன் சத்தம்: "என் வாசல்ல நின்னுகினே என்னை விஷம் வெக்கிறவன்னு சொல்றியா?" "ஆங், சொல்றேன்" என்றேன். அன்று மத்தியானம் உன் தொட்டிலையும் இரண்டு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டோம். நீ ஏன் மலையடிவாரத்து வீட்டில் வளரவில்லை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு இதுதான் பதில்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்தார். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு. பஸ்ஸை விட்டு இறங்கி, பஞ்சர் கடை முன்னாலேயே நின்றார். உள்ளே வரவில்லை. நீ கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாய். கையை நீட்டவந்தவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். துண்டில் சுற்றிய நோட்டையும் ஒரு பாலிதீன் பையில் டின்னையும் என்னிடம் கொடுத்தார்.

"டின்னை ஏரில போட்டுடலாம்னுதான் பாத்தேன். அதுக்கும் நீ கத்துவ. உன் கம்பெனில இதுக்கெல்லாம் ஒரு வழி இருக்கும்ல?"

"இருக்குதுணா."

"போன கிருத்திகைக்கு யாருக்கும் குடுக்கலை." பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். "பாப்பா பேரு அந்த நோட்டுல இல்ல இல்ல?"

"இல்லணா. அது அவருக்கு அப்புறம்."

"எழுது. கல்லு புடிச்சவன் பேரையும் எழுது."

அத்தையின் பெயரை அன்றைக்குத்தான் முதல் முறையாக அவர் வாயால் கேட்டேன். எழுதினேன். அண்ணன் பெயரை எழுத மாட்டேன் என்றேன். ஒன்பது வயதுப் பையன், பெரியவர்கள் பிடி என்றதும் பிடித்தான். அவனுக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. அவர் பஸ் ஏறிவிட்டார். நாங்கள் சமாதானம் ஆகிவிட்டோம் என்று நினைக்காதே. இந்த வருஷம் உன் அம்மா டாக்டரிடம் வாய் திறந்ததால் எத்தனை குழந்தைகள் தப்பியிருக்கின்றன, அவர் கையால் எத்தனை தப்பவில்லை, எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து பள்ளிப்பட்டிலிருந்து ஆரம்பிக்கிறோம். பேசிக்கொள்ளாமல் போவோம் என்று நினைக்கிறேன்.

வசம்பையும் ஓமத்தையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உனக்கும் வயிறு வலித்தால் ஓமத் தண்ணீர் கொதிக்கவைக்கத்தான் போகிறேன். நாளைக்கு உன் குழந்தையின் வாயருகே யாராவது விரலைக் கொண்டுவந்தால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நான் அனுப்பிய மாத்திரையாகவே இருந்தாலும், கையைப் பிடித்துக்கொண்டு கேள்: இது என்ன, இதைச் சாப்பிட்டவர்களில் ஆகாதவர்கள் எங்கே? பதில் சொல்ல முடியாதவர் கோபப்படுவார். படட்டும். டாக்டர் கேட்டால் வழக்கம், பிரசாதம், திருநீறு எல்லாவற்றையும் ஒப்பித்துவிடு. முக்கியமாக, வீட்டுக்கு வந்த பெண் ஒரு சின்னக் கேள்வி கேட்டால், அண்ணன் காதுக்காகப் பதில் சொல்லாதே.

அத்தையின் பெயருக்குக் கீழே நேற்று இன்னொரு வரி எழுதினேன். தமிழில், இங்கே எல்லாரும் படிக்கும்படி. யாருக்கு என்கிற கட்டத்தில் உன் பெயர். என்ன என்பதில் சிந்தூரம். எவ்வளவு என்பதில் தினம் ஒரு சிட்டிகை, எழுபத்தாறு நாள். பக்கத்தில், கொடுத்தவன் தகப்பன், வயது இருபத்தொன்பது, படித்தவன். நாலாவது கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை நீயாக, எழுத்துக் கூட்டி, இதுவரை படித்து வந்திருக்கிறாய் என்றால், பேனாவை எடுத்துக்கொண்டு வா. நோட்டு என் மேஜை மேல்தான் இருக்கும், பூஜை அலமாரியில் இருக்காது. அந்தக் கட்டத்தில் உன் கையால் எழுது. அப்புறம் என்னைத் திட்டு. அந்தக் குரலைக் கேட்கத்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் நைனா